33 இன்ச் டயர் போட்ட தாருக்கு என்ன பிரேக் அப்கிரேடு? பெடல் எப்படி போச்சுங்கறதுலருந்து ஆரம்பிக்கலாம்

தம்பி, நீங்க எழுதுனத ரெண்டு தடவ நிதானமா படிச்சேன். 2021 மஹிந்திரா தார், டீசல், மேனுவல், 33 இன்ச் டயர், வண்டிய உயர்த்துன 2 இன்ச் லிஃப்ட், முன்னாடி ஸ்டீல் பம்பர், மேல கேரியர், உள்ள நாலு பேரு. கொல்லிமலையிலருந்து காரவள்ளிக்கு இறங்கும்போது பாதி வளைவு தாண்டுனதும் பெடல் மெத்துமெத்துன்னு ஆகி, ஒரு இடத்துல கிட்டத்தட்ட தரைக்கே போயிருச்சு, ஓரங்கட்டி அரை மணி நேரம் நின்னப்புறம் பழையபடி வந்துருச்சு. ஊருக்கு வந்து பட்டறையில காட்டுனா முன்னாடி பெரிய டிஸ்க் கிட், பின்னாடி டிரம்ம கழட்டிட்டு டிஸ்க், ரெண்டும் போட்டாதான் சரியாகும்னு சொல்லிட்டாங்க, போடலாமான்னு கேக்கறீங்க. முதல்ல எல்லாரும் பத்திரமா கீழ வந்து சேந்தீங்களே, அதுவே போதும்ங்க.

இப்போதைக்கு ரெண்டுமே வேண்டாம்னுதான் சொல்லுவேன். காசு மிச்சம் பண்றதுக்காக சொல்லல, நீங்க சொன்ன அறிகுறிக்கு அது மருந்தே இல்ல.

பிரேக் சூடாகி விட்டுப்போறதுல ரெண்டு வகை இருக்கு, ரெண்டையும் கால்லயே கண்டுபிடிக்கலாம். பெடல் கல்லு மாதிரி கெட்டியா இருக்கு, முழு பலத்தோட மிதிக்கிறோம், ஆனா வண்டி நிக்காம வழுக்கிட்டே போகுதுன்னா அது டிஸ்க்க ரெண்டு பக்கமும் கவ்வற பேடு போடற சண்டை, பேடுல இருக்கற பொருள் அதோட சூட்டு எல்லைய தாண்டிருச்சு, டிஸ்க்க பிடிக்க மாட்டேங்குது. பெடல் மெத்துன்னு ஆகி கீழ கீழ போகுது, ரெண்டு மூணு தடவ பம்ப் பண்ணா கொஞ்சம் மேல வருதுன்னா அது பிரேக் ஆயில் கொதிச்சது. ஆயில அமுக்க முடியாது, ஆனா கொதிச்சு ஆவி ஆயிருச்சுன்னா ஆவிய அமுக்கலாம், உங்க கால் மிதிக்கற மிதி எல்லாம் அந்த ஆவிக்குமிழிய நசுக்கறதுலயே போயிரும், பேட டிஸ்க்குல அமுக்கற காலிப்பருக்கு ஒண்ணும் போய் சேராது. ஆறுனதும் ஆவி திரும்ப ஆயிலாயிரும், பெடலும் திரும்பிரும். நீங்க சொன்னது அப்படியே ரெண்டாவது வகைங்க. அரை மணி நேரத்துல தானா சரியாச்சுங்கறதுதான் இங்க சாட்சி, லீக்கேஜோ, பெடல் மிதிய ஆயில் அழுத்தமா மாத்தற மாஸ்டர் சிலிண்டரோட வாஷரோ போயிருந்தா ஆறினதும் அப்படி முழுசா திரும்பாது.

பிரேக் ஆயில் காத்துல இருக்கற ஈரத்த உறிஞ்சும், வீலுக்கு ஆயில் போற ரப்பர் ஹோஸ் வழியா, மூடி வழியா, கொஞ்சங்கொஞ்சமா. தண்ணி சேரச்சேர கொதிநிலை இறங்கும். டாட்ங்கறது பிரேக் ஆயிலோட தரம். டாட் 3 ஆயில் புதுசுல குறைஞ்சது 205 டிகிரி தாங்கணும்னு கணக்கு, 3.7 சதவீதம் தண்ணி சேந்தப்புறம் அது 140 டிகிரிதான். டாட் 4ன்னா 230, ஈரம் சேந்தா 155. டாட் 5.1ன்னா 260, ஈரம் சேந்தா 180. புது டாட் 4க்கும் பழைய டாட் 4க்கும் நடுவுல 75 டிகிரி வித்தியாசம் பாருங்க, நீங்க லட்சக்கணக்குல கிட் போட்டாலும் உள்ள ஓடறது அதே பழைய ஆயில்னா மலையில கதை மாறாது. 2021ல வாங்குன வண்டி, ஆயில் மாத்துனதா நீங்க எழுதவே இல்ல, ஆத்துத் தண்ணியில எறக்கியிருக்கேன்னு மட்டும் எழுதியிருக்கீங்க. ரெண்டு வருஷத்துக்கு ஒருதடவ மாத்தணும்னு சொல்றது தார் ரோட்டுல மட்டும் ஓடற வண்டிக்கு, தண்ணியில இறங்கற வண்டிக்கு வருஷத்துக்கு ஒருதடவ மாத்திருங்க.

இத நான் புஸ்தகம் பாத்து சொல்லலைங்க. எங்கிட்ட பழைய மஹிந்திரா எம்எம்540 ஜீப் ஒண்ணு இருந்துச்சு, நாலு வீலும் டிரம், வால்பாறையிலருந்து ஆழியாறு பக்கம் இறங்கிட்டிருக்கேன், நாப்பது வளைவு, மூணாவது கியர்லயே பிரேக்க நம்பி வந்துட்டேன், பதினஞ்சாவது வளைவு கிட்ட பெடல் உங்களுக்கு ஆன மாதிரியே ஆச்சு. ரெண்டாவது, அப்புறம் முதல் கியர்னு எஞ்சின் அலற அலற இறக்கி, ஒன்பதாவது வளைவு லோம்ஸ் வியூ பாயின்ட்ல நிறுத்துனேன், வீலெல்லாம் கருகுன வாசம். கூட இருந்தவரு பாட்டில் தண்ணிய டிரம்ல ஊத்த எடுத்துட்டாரு, அவரு கையப் பிடிச்சு நிறுத்துனேன், கொதிக்கற இரும்புல பச்சத்தண்ணி பட்டா விரிசல் விடும், அத யாரும் பண்ணாதீங்க. மறுநாள் ஆயில எறக்கிப் பாத்தா டீ டிகாக்‌ஷன் நிறத்துல இருந்துச்சு. அன்னிக்கு பின்சீட்டுல எங்க அம்மா இருந்தாங்க. அதுலருந்து ஆயில் விஷயத்துல நான் யார் வண்டிக்கும் சமரசம் பண்றதில்ல.

சரி, சூடு எவ்வளவு வருதுன்னு ஒரு கணக்கு போடுவோம், அப்பதான் எதுக்கு எவ்வளவு செலவு பண்ணணும்னு புரியும். உங்க வண்டி, ஆளு, சாமான், பம்பர், கேரியர் எல்லாம் சேத்து 2300 கிலோன்னு வெச்சுக்குங்க. 60 கிலோமீட்டர் வேகத்துலருந்து ஒருதடவ சுத்தமா நிறுத்துனா பிரேக்கு வாங்கற சூடு ஏறக்குறைய 320 கிலோஜூல். அதே வண்டி 1000 மீட்டர் உயரத்துலருந்து கீழ இறங்குனா வெளிய வர்ற மொத்த சக்தி 22,500 கிலோஜூல். அதாவது 60லருந்து நிறுத்தறத 70 தடவ அடுத்தடுத்து பண்ற மாதிரி. கொல்லிமலையில 70 வளைவு, வளைவுக்கு ஒண்ணுன்னு வெச்சுக்கிட்டா கணக்கு மனசுல நிக்கும். இதுல எஞ்சின் எவ்வளவ தாங்கிக்குதோ அது போக மிச்சம்தான் பிரேக்குக்கு வரும். ரெண்டாவது கியர்ல இறக்குனா எஞ்சின் பெரும்பங்க எடுத்துக்கும், நாலாவதுல இறக்குனா பெரும்பங்கு பிரேக் தலையில. அதனாலதான் ஏறுன கியர்லயே இறங்குன்னு பழைய லாரி டிரைவருங்க சொல்றது. கொஞ்சம் கொஞ்சமா நாள் பூரா பெடல்ல கால் வெச்சுக்கிட்டு வர்றதுதான் பிரேக்க கொல்றது, வேகம் ஏற விட்டு, அழுத்தமா ஒரு மிதி மிதிச்சு குறைச்சு, கால முழுசா எடுத்துருங்க, அந்த இடைவெளியில டிஸ்க் மூச்சு விடும்.

அடுத்து உங்க டயரு. கம்பெனி டயரு 255/65 ஆர்18ன்னா விட்டம் 31 இன்ச் சொச்சம். 33 போட்டதும் விட்டம் ஆறு சதவீதம் கூடிருச்சு, அதே பிரேக் பிடிப்புக்கு ரோட்டுல கிடைக்கற நிறுத்தற பலம் ஆறு சதவீதம் குறைஞ்சிருச்சு, நீளமான கடப்பாறைய எதிராளி கையில குடுத்த மாதிரி. இன்னொண்ணு பல பேரு யோசிக்கறதில்ல, மீட்டர் திருத்தலைன்னா அதுல 60 காட்டும்போது நீங்க நிஜமா போறது 64 கிட்ட, சூடு வேகத்தோட வர்க்கத்துல ஏறும்ங்கறதால அங்க ஒரு 13 சதவீதம் கூடுது. டயரும் ரிம்மும் கனம் வேற, சுத்திட்டிருக்கற கனத்த நிறுத்தறதுக்கு தனியா சக்தி வேணும். மேல கேரியர்ல சாமான் ஏத்துனா வளைவுல முன்பக்கம் இன்னும் அமுங்கும், முன் டிஸ்க் இன்னும் உழைக்கும். இதெல்லாம் ஒண்ணொண்ணா பாத்தா சின்னது, எல்லாம் சேந்துதான் அன்னிக்கு உங்க பெடல்ல வந்து நின்னுச்சு.

அதனால முதல் வேலை ஆயில். உங்க வண்டி பிரேக் ஆயில் டேங்க் மூடியில எந்த டாட் எழுதியிருக்கோ அதுக்கு கீழ போகாதீங்க, டாட் 4 எழுதியிருந்தா டாட் 4லயே நல்லது போடலாம் இல்ல 5.1 போடலாம், ரெண்டும் ஒரே குடும்பம், கலந்தாலும் கெடுதல் இல்ல. டாட் 5ன்னு தனியா ஒண்ணு வரும், அது சிலிக்கான், 5.1க்கு அண்ணன்னு நினைச்சு வாங்கிறாதீங்க, உங்க வண்டிக்கு அது ஆகவே ஆகாது. சீல் பிரிச்ச டின்ன பட்டறை அலமாரியிலருந்து எடுத்து ஊத்த விடாதீங்க, புது டின் உங்க கண்ணு முன்னாடி பிரிக்கணும். மேல டேங்க் காலியாக விடாம நாலு வீல்லயும் தெளிவா புது ஆயில் வர்ற வரைக்கும் பழச வெளிய எடுக்கணும், வீல் பூட்டிக்காம பாத்துக்கற ஏபிஎஸ் யூனிட்டுக்குள்ள காத்து போயிருச்சுன்னா சாதாரணமா ஏர் எடுத்தா வராது, ஸ்கேனர் போட்டு எடுக்கணும்.

ரெண்டாவது பேடு. உங்களுக்கு வேண்டியது உலோகம் கலந்த செமி மெட்டாலிக் வகை. சேறு, தண்ணி, சூடு மூணையும் அதுதான் ஓரளவு சமாளிக்கும், கொஞ்சம் சத்தம் வரும், கருப்புத் தூசி வரும், டிஸ்க்க கொஞ்சம் வேகமா தேய்க்கும், அத ஏத்துக்கணும். செராமிக் பேடு டவுனுக்கு சுகமா இருக்கும், சத்தமில்ல, ரிம் சுத்தமா இருக்கும், ஆனா லோடு ஏத்தி மலை இறங்கற வண்டிக்கு என் தேர்வு அது இல்ல. பேடோட ஓரத்துலயோ முதுகுலயோ ரெண்டு இங்கிலீஷ் எழுத்து சேந்தாப்பல இருக்கான்னு பாருங்க, முதல் எழுத்து ஆறியிருக்கும்போது பிடிப்பு, ரெண்டாவது சூட்டுல பிடிப்பு. ஈ ன்னா 0.25லருந்து 0.35, எஃப் ன்னா 0.35லருந்து 0.45, ஜி ன்னா அதுக்கு மேல 0.55 வரைக்கும். எஃப்எஃப் போதும். ரெண்டாவது எழுத்து முதல் எழுத்த விட கீழ இருந்துச்சுன்னா, அதாவது சூட்டுல பிடிப்பு குறையற பேடுன்னா, அந்த டப்பாவ கடையிலயே திருப்பிக் குடுத்துருங்க. டயரால போன அந்த ஆறு சதவீதத்த நல்ல பேடு ஒண்ணே ஈடுகட்டிரும்.

இதுக்கு வெளிநாட்டு டப்பாதான் வேணும்னு இல்லைங்க. பிரேக்ஸ் இந்தியா 1962லயே சென்னை பாடியில ஆரம்பிச்ச கம்பெனி, ரானே, சுந்தரம் எல்லாம் லைனிங் பண்றது நம்ம ஊர்லதான். போலி டப்பாவுக்கு மட்டும் ஜாக்கிரதை, பில் குடுக்கற கடையில வாங்குங்க, வெல கேட்டவுடனே பாதிக்கு இறங்கி வந்தா நகருங்க.

புதுப் பேடு போட்டதும் நேரா மலைக்கு போயிறாதீங்க, இது ரொம்ப முக்கியம். புதுப் பேடுல இருக்கற பிசின் முதல் பெரிய சூட்டுல வாயு விடும், அந்த வாயு பேடுக்கும் டிஸ்க்குக்கும் நடுவுல மெத்தை மாதிரி நின்னு பிடிக்க விடாது. காலி ரோட்டுல 60லருந்து 15 வரைக்கும் நல்லா அழுத்தி குறைங்க, முழுசா நிறுத்தாம திரும்ப வேகம் எடுங்க, ஒரு பத்து தடவ, அப்புறம் பிரேக் தொடாம ஒரு பத்து நிமிஷம் ஓட்டி ஆற விடுங்க. சூடா இருக்கும்போது பெடல மிதிச்சபடியே நிக்கக்கூடாது, பேடு பொருள் அந்த ஒரு இடத்துல டிஸ்க்ல ஒட்டிக்கும், பின்னால பெடல் உதறும், டிஸ்க் வளைஞ்சு போச்சுன்னு சொல்லுவாங்க. பாதி வண்டியில டிஸ்க் வளையறதே இல்ல, இப்படி ஒட்டுன பொருள்தான். ஆஃப்ரோடு வண்டியில இன்னொரு ஏமாத்து இருக்கு, ரிம்முக்கு உள்பக்கம் சேறு காஞ்சு ஒட்டி பேலன்ஸ் போய் உதறும், அதுக்கும் டிஸ்க்கத்தான் பழி சொல்லுவாங்க, முதல்ல ரிம்ம கழுவிப் பாருங்க.

மூணாவது, இத உங்க பட்டறை பாத்தாங்களான்னு எனக்கு சந்தேகம், அந்த 2 இன்ச் லிஃப்டுக்கு பிரேக் ஹோஸ் பத்துதா? வண்டி தரையில நிக்கும்போது எல்லாம் நல்லாத்தான் இருக்கும். ஜாக்கி போட்டு சேசிஸ தூக்கி வீல் முழுசா தொங்க விட்டு, ஸ்டீரிங்க ரெண்டு பக்கமும் முழுசா ஒடிச்சுப் பாருங்க, ஹோஸ் விறைப்பா இழுத்துக்கிட்டு இருந்துச்சுன்னா, ஏபிஎஸ் ஒயர் இழுத்துச்சுன்னா, ஒரு வீல் குழிக்குள்ள தொங்கற அன்னிக்கு அது புடுங்கிக்கும். நீளம் கூடுன ஸ்டீல் பின்னல் ஹோஸ் போடறது இந்த வண்டியில நல்ல செலவு, ரப்பர் மாதிரி உப்பாது, பெடல் கெட்டியா இருக்கும். வெறும் அலங்காரத்துக்கு விக்கற ஹோஸ் வாங்காதீங்க, ரெண்டு முனையும் மெஷின்ல பிரஸ் பண்ணி அழுத்த சோதனை பண்ண ஹோஸ்தான் வேணும்.

இப்ப அந்த பெரிய டிஸ்க் கிட். பெரிய டிஸ்க்னா பெரிய இரும்பு, சூட்ட அதிகம் வாங்கி வெச்சுக்கும், நெம்புகோல் நீளமும் கூடும், ரெண்டும் நிஜம்தான், நான் மறுக்கல. ஆனா காலிப்பர் பிஸ்டன் பெருசாச்சுன்னா அத நகர்த்த அதிக ஆயில் வேணும், மாஸ்டர் சிலிண்டர் அதேதான்னா பெடல் நீளமா போகும். முன்னாடி மட்டும் பிடிப்பு கூடுனா முன் பின் சமநிலை மாறும், கம்பெனி ஏபிஎஸ், வண்டி சறுக்காம பிடிக்கற ஈஎஸ்பி எல்லாம் பழைய பிரேக்குக்கு கணக்கு பண்ணி வெச்சது. அப்புறம் ரிம், பெரிய கிட் உள்ள போறதுக்கு பெரிய ரிம் கேக்கும், ஆஃப்ரோடுக்கு நமக்கு வேண்டியதோ சின்ன ரிம்மும் உயரமான சைடுவாலும், காத்து எறக்கி ஓட்டறது அத வெச்சுத்தான். காலிப்பருக்கும் ரிம்முக்கும் நடுவுல இடம் குறைஞ்சா கல்லு மாட்டிக்கும், ரிம்மயே உள்ளருந்து அறுத்துரும். ஓட்டை போட்ட டிஸ்க் காட்டுவாங்க, பாக்க அழகா இருக்கும், சேத்துல அந்த ஓட்டை அடைச்சுக்கும், சூட்டுல ஓட்டைய சுத்தி விரிசல் விடும். மாத்தியே ஆகணும்னா கோடு வெட்டுன டிஸ்க் பரவாயில்ல, கோடு சேத்த வழிச்சு வெளிய தள்ளும். சாதா டிஸ்க்கே நல்ல கனத்தோட இருந்தா அது போதும், டிஸ்க்லயே குறைஞ்சபட்ச கனம் மில்லிமீட்டர்ல பொறிச்சிருக்கும், வெர்னியர் வெச்சு அளக்கச் சொல்லுங்க. தேஞ்ச டிஸ்க்னா சூடு வாங்கற இரும்பே குறைஞ்சு போச்சுன்னு அர்த்தம்.

பின் டிரம்ம மாத்தறது பத்தி. அஞ்சு கதவு தார் ராக்ஸ்ல பின்னாடி டிஸ்க் குடுத்திருக்காங்களேன்னு கேப்பீங்க, ஆமா, ஆனா அது மாஸ்டர் சிலிண்டர்லருந்து ஈஎஸ்பி வரைக்கும் அதுக்குன்னே பண்ணது. இறக்கத்துல வண்டி கனம் முன்னாடி சாயும், பிரேக் வேலையில பெரும்பங்கு முன்வீலுதான், பின்னாடி டிஸ்க் போட்டாலும் உங்க மலைப் பிரச்சனைக்கு கிடைக்கற லாபம் கொஞ்சம்தான். டிரம்முல நல்ல குணம் ஒண்ணு இருக்கு, சுத்தற டிரம்மே உள்ள உரசற ஷூவ தன்னோட இழுத்து இறுக்கிக்கும், அதனால ஹேண்ட் பிரேக் பிடி அபாரமா இருக்கும். பாறை ஏத்தத்துல எஞ்சின் நின்னு போச்சுன்னு வெச்சுக்குங்க, மிதிக்கு பலம் சேக்கற பூஸ்டர்ல மிச்சமிருக்கற வேக்குவம் ரெண்டு மூணு மிதிதான் வரும், அப்புறம் பெடல் மரக்கட்டை, அந்த நேரத்துல வண்டிய பிடிச்சு வெச்சுக்கறது ஹேண்ட் பிரேக்தான். வெளிய கிடைக்கற டிஸ்க் கன்வர்ஷன் பலதுல இந்த ஹேண்ட் பிரேக் வீக்கா இருக்கறத நான் கையால இழுத்துப் பாத்திருக்கேன்.

டிரம்மோட குறை சேறும் தண்ணியும், அது உண்மை. உள்ள போன தண்ணி சீக்கிரம் வராது, ஆத்த தாண்டுனதும் மெதுவா ஓட்டிக்கிட்டே லேசா பிரேக் மிதிச்சு காய வைக்கணும், பிடிப்பு திரும்புச்சுன்னு தெரிஞ்சப்புறம்தான் வேகம். சேத்துல விளையாடிட்டு வந்தா டிரம்ம கழட்டி கழுவுங்க, அந்த மண்ணு உள்ள இருந்தா உப்புத்தாள் மாதிரி லைனர அரைச்சுரும். காஞ்ச தூசிய ஏர் கன் வெச்சு ஊதாதீங்க, நுரையீரலுக்கு ஆகாது, தண்ணி விட்டு கழுவுங்க. முன் காலிப்பர் நகர்றதுக்கு உதவற ஸ்லைடு பின்னு ரெண்டும் கையால தள்ளுனா வழுக்கிட்டு போகணும், இறுகியிருந்தா ஒரு பக்க பேடு மட்டும் தேயும், பெடல விட்டாலும் பேடு டிஸ்க்க உரசிட்டே இருக்கும், அதுவே ஆயில கொதிக்க வைக்கும். உங்க விஷயத்துல இதுவும் ஒரு காரணமா இருக்கலாம், அடுத்த தடவ ஓட்டிட்டு வந்து நாலு ரிம்முக்கும் பக்கத்துல கைய கொண்டு போய் பாருங்க, தொட வேண்டாம், ஒண்ணு மட்டும் அனல் அடிச்சா அங்கதான் ஆள் இருக்கான். அந்த ஸ்லைடு பின்னுக்கு, பிரேக்குக்குன்னு விக்கற சிலிக்கான் கிரீஸ்தான் போடணும், சாதா கிரீஸ் ரப்பர உப்ப வெச்சிரும்.

உங்க வண்டி மேல் வேரியன்ட்டுன்னா சுத்தற வீல பிரேக் பிடிச்சு மத்த வீலுக்கு பலம் அனுப்பற வசதி இருக்கும், அது வேலை செய்யறப்ப எல்லாம் பிரேக்குதான் சூடாகுது, நீங்க பெடல தொடவே இல்லைன்னாலும். இறக்கத்துல தானா வேகத்த பிடிச்சு வெக்கற ஹில் டிசென்ட்டும் அதே கதைதான். மேல ஒரு மணி நேரம் டிரெயில்ல ஆடிட்டு ஆற விடாம உடனே மலை இறங்காதீங்க, ஒரு டீ குடிச்சிட்டு கிளம்புங்க. மண் இறக்கத்துல மெதுவா இறங்கறதுக்குன்னு இருக்கற 4 லோ போட்டு முதல் கியர்ல விட்டா பல இடத்துல பிரேக்கே வேண்டாம்.

சட்டம் பத்தி ஒரு வார்த்தை, மோட்டார் வாகன சட்டம் 52வது பிரிவு கம்பெனி குடுத்த விவரத்துக்கு மாறா வண்டிய மாத்தக்கூடாதுங்குது, 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டும் அதையே உறுதி பண்ணுச்சு. ஆயிலும் அதே சைஸ் நல்ல பேடும் பராமரிப்பு. பின்னாடி டிரம்ம எடுத்துட்டு டிஸ்க் போடறது அப்படி இல்ல, விபத்துன்னு வந்தா இன்சூரன்ஸ் ஆளு முதல்ல கீழ குனிஞ்சு பாக்கறது அதத்தான்.

பெரிய கிட் யாருக்குதான் வேணும்னா, இதெல்லாம் பண்ணியும், சரியான கியர்ல இறங்கியும், பெடல் கெட்டியா இருக்க பிடிப்பு மட்டும் விட்டுப்போகுதுன்னா, இல்ல 35 இன்ச் டயரும் டிரெயிலரும்னு போறீங்கன்னா. அப்பவும் மாஸ்டர் சிலிண்டர், காலிப்பர், டிஸ்க் மூணும் ஒண்ணுக்கொண்ணு கணக்கு பாத்து குடுக்கறவங்ககிட்ட மட்டும்.

இந்த வாரமே ஆயில் மாத்திருங்க, அதுவரைக்கும் குடும்பத்தோட மலைக்கு போக வேண்டாம். எறக்குன பழைய ஆயில ஒரு கண்ணாடி பாட்டில்ல பிடிச்சு நிறத்த பாத்து சொல்லுங்க, அப்படியே ரெண்டு முன் பேடோட உள்பக்க வெளிப்பக்க கனத்தையும் அளந்து எழுதுங்க, ஸ்லைடு பின் பத்தி நான் நினைக்கறது சரியான்னு அதுலயே தெரிஞ்சிரும்.